லென்ஸை மாற்ற வேண்டாம், வெளிச்சத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்

செட்டிநாட்டுக் கோத்தமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் நெருக்கத்தில் படம் எடுப்பதற்கான ஒரு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கியிருக்கிறார், கேமரா முழு ஃபிரேம். வீட்டில் பங்கு பிரிக்கிற பேச்சு ஓடுகிறதாம். அதற்குள் அப்பத்தாவின் நகைகள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முகப்பு நிலைக்கதவின் வேலைப்பாடு, பெட்டியில் கிடக்கும் கண்டாங்கிச் சேலைகள் எல்லாவற்றையும் நெருக்கத்தில் படம் எடுத்து வைத்துவிட வேண்டும், நேரம் கிடைத்தால் தோட்டத்துப் பூச்சிகளையும். "எப்படி எடுத்தாலும் பாதி மங்கல், பாதி இருட்டு. லென்ஸ் கோளாறா அண்ணே? ரிங் லைட் வாங்கினால் சரியாகிவிடுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் லென்ஸ் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. மேக்ரோ லென்ஸ்கள் பொதுவாகவே மற்ற லென்ஸ்களைவிட ஷார்ப்பாகச் செய்யப்பட்டவை, பழைய மாடலாக இருந்தாலும் சரி. இருந்தாலும் மனதில் உறுத்தல் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டை அட்டையில் ஒட்டி, லென்ஸைப் பார்த்து 45 டிகிரி சாய்வாக நிறுத்துங்கள். நோட்டில் மிகப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள் பாருங்கள், அதைக் குறிவைத்து, டிரைபாடில் கேமரா, ஆட்டோ ஃபோகஸும் நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷனும் அணைத்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, எஃப் 5.6 (அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக் கூட துளை சிறிதாகும்), இரண்டு விநாடி டைமர், ஃப்ளாஷ் இருந்தால் ஃப்ளாஷ் அடித்து ஒரு படம் எடுங்கள். நோட்டின் குறுக்கே ஒரு மெல்லிய பட்டையில் மட்டும் எழுத்து வெட்டி வைத்த மாதிரி தெரியும், அதற்கு முன்னும் பின்னும் கரைந்து போகும். அந்தப் பட்டை ஷார்ப்பாக இருந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ், கதை முடிந்தது. எங்கேயுமே ஷார்ப்பாக இல்லையென்றால் மட்டும் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா, பனி படர்ந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பட்டை எவ்வளவு மெலிசு என்று பார்த்தீர்களா? அங்கேதான் உங்கள் பிரச்சினை மொத்தமும் இருக்கிறது. 1:1 அளவில், அதாவது சென்சாரின் 36க்கு 24 மி.மீ. பரப்பில் அதே அளவுள்ள பொருள் அப்படியே விழும் நெருக்கத்தில், எஃப் 8 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். எஃப் 2.8 வைத்தால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. "2.8 லென்ஸ் வாங்கியிருக்கிறேன், இருட்டில் திறந்து வைத்து எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கல்யாண மண்டபத்தில் முகம் எடுப்பதற்குச் சரி, ஒரு தோட்டின் எல்லாக் கல்லும் தெரிய வேண்டும் என்றால் உதவாது.

சரி, அப்போது எஃப் 22, 32 என்று மூடிவிடலாமே என்றால் அங்கே வேறு வினை. 1:1 வரை போகும்போது லென்ஸுக்குள் நடக்கும் நீட்சியால் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைகிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). நீங்கள் எஃப் 8 என்று வைத்தது நடைமுறையில் எஃப் 16 அளவுக்கு நடந்துகொள்ளும், 16 வைத்தால் 32. நிகான் கேமராக்களில் நெருங்க நெருங்க அந்த எண்ணே மாறிக் காட்டும், கேனானில் மாறாது, அதனால் நிறையப் பேருக்கு இது நடப்பதே தெரியாது. வெளிச்சம் இழந்ததோடு போகவில்லை, துளை அவ்வளவு சிறிதாகும்போது ஒளி விளிம்பில் வளைந்து சிதறி மொத்தப் படமும் மெல்ல மழுங்கும். ஆழம் கூடும், கூர்மை போகும். ஆகவே 1:1 பக்கத்தில் நான் எஃப் 8 முதல் 11 வரைதான் நிற்பேன், 16ஐத் தாண்டுவது கிடையாது.

இதற்கு யாரும் சொல்லாத எளிய வழி ஒன்று உண்டு: கொஞ்சம் பின்னால் வாருங்கள். எஃப் 11ல் 1:1 அளவுக்குக் கிடைக்கும் ஆழம் ஒன்றரை மி.மீ.கூட இல்லை, அதே எஃப் 11ல் பாதி அளவுக்குப் பின்வாங்கினால் கிட்டத்தட்ட 4 மி.மீ., கால் அளவுக்கு வந்தால் 13 மி.மீ. இன்றைய 24 மெகாபிக்சல் கேமராவில் பாதி அளவில் எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டிக்கொண்டால் போதும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. புதிதாக மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோருக்கும் லென்ஸ் எவ்வளவு நெருங்குமோ அவ்வளவும் நெருங்கியே தீர வேண்டும் என்று ஒரு ஆசை, பாதிப் படங்கள் அதனாலேயே கெடுகின்றன.

இரண்டாவது வழி, கேமராவைப் பொருளுக்கு இணையாக நிறுத்துவது. இருக்கும் 1 மி.மீ. ஆழத்தைப் பொருளின் எந்தத் தளத்தின் மேல் படுக்க வைக்கிறோம் என்பதுதான் மேக்ரோவில் பாதி வேலை. சேலைத் துணி, தரைக்கல், பழைய காசு, கடிதத் தலைப்பு இவை எல்லாம் தட்டையானவை, சென்சார் அதற்குச் சரியாக இணையாக இருந்தால் எஃப் 5.6லேயே மூலைக்கு மூலை தெளிவு வரும், கொஞ்சம் சாய்ந்தால் எஃப் 16லும் வராது. இணையாக இருக்கிறதா என்று கண்ணால் நிதானிக்க முடியாது. ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைப் பொருளின் மேல் தட்டையாக வைத்து கேமரா வழியாகப் பாருங்கள், லென்ஸின் பிம்பம் படச்சட்டத்தின் நட்டநடுவில் விழுகிற வரை டிரைபாடைத் திருத்துங்கள், அவ்வளவுதான், பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு ஃபோகஸ் செய்துகொள்ளலாம். பொருள் தட்டையாக இல்லாவிட்டாலும் இதே யோசனைதான்: தட்டானைப் பக்கவாட்டில் எடுக்கும்போது தலையிலிருந்து வால் வரை ஒரே தளத்தில் வருகிற கோணத்தைத் தேடுவது, அட்டிகையைக் கழுத்தில் தொங்குவதாக வைக்காமல் படுக்க வைத்து மேலிருந்து எடுப்பது.

இப்போது நடுக்கத்துக்கு வருவோம். சாதாரணப் படத்துக்கு 100 மி.மீ. லென்ஸ் என்றால் 1/100 விநாடி ஷட்டர் போதும் என்பார்கள், 1:1ல் அந்தக் கணக்கு செல்லாது. கேமரா பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் பிம்பமும் சென்சாரில் 1 மி.மீ. நகர்கிறது, அது படத்தின் அகலத்தில் 36ல் ஒரு பங்கு. ஸ்டெபிலைசேஷன் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். கேனானின் 100 மி.மீ. எல் மேக்ரோவுக்கு அந்தக் கம்பெனியே சாதாரண தூரத்தில் நான்கு ஸ்டாப், 1:1ல் இரண்டு ஸ்டாப் என்றுதான் சொல்கிறது. அதைவிட மோசம், முன்னும் பின்னுமாக நம் உடம்பு ஆடுவது. மூச்சு விட்டாலே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடுகிறோம், இருக்கும் ஆழமோ ஒரு மில்லிமீட்டர், அந்த ஆட்டத்தை எந்த ஸ்டெபிலைசேஷனும் திருத்தாது. நீங்கள் "மங்கல்" என்று சொல்கிற படங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்த படங்களாகத்தான் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒரு இழை தெளிவாக இருக்கும்.

ஆக, ஆழம் வேண்டும் என்றால் அபர்ச்சரை மூட வேண்டும், நடுக்கம் போக வேண்டும் என்றால் ஷட்டரை வேகமாக்க வேண்டும், நெருங்கியதால் ஏற்கெனவே இரண்டு ஸ்டாப் போய்விட்டது, மூன்றும் சேர்ந்து கேட்பது ஒன்றைத்தான், வெளிச்சம். அதை ஐஎஸ்ஓவில், அதாவது சென்சாரின் உணர்திறனைக் கூட்டுவதில், தேடினால் 6400, 12800 என்று போய் நகையின் பொன்னிறமும் துணியின் இழையும் மணல் மணலாக உதிரும். நாம் வெளிச்சத்தைக் கொண்டுபோய் பொருளின் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அசையும் பொருளுக்கு, பூச்சிக்கு, கையில் பிடித்து எடுப்பதற்கு, ஃப்ளாஷைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஃப்ளாஷைத் தானியங்கியில் விடாமல் மேனுவலில் 1/16 பவரில் வையுங்கள், சாதாரண ஸ்பீட்லைட் அந்தப் பவரில் எரிவது ஏறக்குறைய 1/10,000 விநாடி நேரம்தான். கேமராவில் ஷட்டர் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200. முதலில் ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், முழுக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பாக வந்தால் வெளியிலிருக்கும் வெளிச்சம் படத்தில் பங்கேற்கவில்லை, ஃப்ளாஷ் எரியும் அந்த நொடித்துகள்தான் உங்கள் உண்மையான ஷட்டர் வேகம், கை ஆட்டமும் காற்றும் அதற்கு முன்னால் நிற்காது. ஹை ஸ்பீட் சிங்க் மட்டும் போடாதீர்கள், அதில் ஃப்ளாஷ் விட்டு விட்டு நீளமாக எரியும், உறைய வைக்கும் சக்தி போய்விடும்.

"ஃப்ளாஷ் அடித்தால் வெள்ளையாக வெந்து போகிறதே" என்று உடனே கேட்பீர்கள். வெந்து போவது ஃப்ளாஷால் இல்லை, அதன் சிறிய முகத்தால். வெளிச்சம் மென்மையாக இருப்பதும் கடுமையாக இருப்பதும் அந்த விளக்கு பொருளின் பார்வையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் எவ்வளவோ பெரிது, ஆனால் தூரம், அதனால் கடும் நிழல். ஒரு எறும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் நீங்கள் பிடிக்கும் பத்து சென்டிமீட்டர் தாள் அரை வானம். ஆகவே ஃப்ளாஷின் முன்னால் வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் வைத்து, அந்த டிஃப்யூசரை லென்ஸின் மூக்குக்கு மேல் வரும்படி முன்னால் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதனால் பவரை இன்னும் குறைத்துக்கொள்ளலாம், பேட்டரியும் நிற்கும். கடையில் விற்பதை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வெட்டி, உள்ளே ஒரு அடுக்கு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வெளியே ஒரு அடுக்கு என்று பட்டர் பேப்பர் ஒட்டினால் போதும். அந்த இடைவெளி முக்கியம், ஒரே அடுக்கு என்றால் நடுவில் ஃப்ளாஷின் முகம் சுடராகத் தெரியும்.

டிஃப்யூசர் நல்லதா என்று சோதிக்க குன்றிமணி ஒன்று போதும். முன்னே தங்கம் நிறுக்க வைத்திருந்தார்களே, அதேதான், பழைய வீட்டில் எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கும். அதன் பளபளப்பான முதுகைப் படம் எடுத்துப் பாருங்கள், உங்கள் விளக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் தெரியும். சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிஃப்யூசர் போதாது, விளிம்பு கரைந்த அகலமான வெண்மை தெரிந்தால் நல்லது. எறும்பின் தலை, வண்டின் ஓடு, சிலந்தியின் கண், முத்து எல்லாமே இந்தக் குன்றிமணியைப் போலத்தான் விளக்கைத் திருப்பிக் காட்டும். (குழந்தைகள் இருக்கும் வீடென்றால் எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள், அதை மென்று தின்றால் கடும் விஷம்.)

ரிங் லைட் கேட்டீர்கள். வேண்டாம். லென்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் நிழல் இருக்காது, நிழல் இல்லையென்றால் மேடு பள்ளம் தெரியாது, நிலைக்கதவின் வேலைப்பாடு அச்சடித்த காகிதமாகிவிடும். போதாததற்குப் பளபளப்பான பொருளில் எல்லாம் ஒரு வளையம் தெரியும். விலை குறைந்த எல்இடி வளையங்களில் வெளிச்சமும் அவ்வளவு கிடையாது, மின்சாரத்தில் ஓடுபவை விநாடிக்கு 100 தடவை மினுக்குவதால் படத்தில் கோடு கோடாக வரும் தொல்லையும் உண்டு. வாய்க்குள் எடுக்கும் பல் டாக்டருக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

அசையாத பொருளுக்கு நீங்கள் ஃப்ளாஷே வாங்க வேண்டியதில்லை என்பதும் என் அபிப்பிராயம், ஏனென்றால் உங்கள் வீட்டில் வளவு வாசல் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவு செய்து உண்டாக்கும் வெளிச்சம் அது. நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவே திறந்த வானம், உள்ளே சுண்ணாம்பு பூசிப் பளபளவென்று தேய்த்த வெள்ளைச் சுவர். நடுவில் வைத்து எடுக்காதீர்கள், அங்கே வெளிச்சம் மேலேயிருந்து நேரே விழுந்து தட்டையாகும். தாழ்வாரத்தில் தூணுக்கு உள்பக்கமாக ஓரடி இரண்டடி தள்ளி மேசை போடுங்கள், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து அகலமாக வரும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் பலகையை நிறுத்தினால் நிழல் அளவாக நிறையும். பலகையைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள், நிழலின் கனத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம். வெயில் உள்ளே நேராக இறங்கும் உச்சி நேரத்தில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் அந்தக் கடும் வெயிலே பிரமாதமான டிஃப்யூஸ் வெளிச்சமாகும், அகலம் எட்டு முழம், சாதாரண சாஃப்ட்பாக்ஸ் எதுவும் அவ்வளவு பெரிதில்லை. சாயம் போன வேட்டியோ கலர் சேலையோ கட்டினால் அந்த நிறம் பொருளில் ஏறும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. வானத்திலிருந்து மட்டும் வரும் நிழல் வெளிச்சம் நீலம் பாரித்தது, செட்டிநாட்டு வீட்டில் கூடவே சிவப்புத் தரையிலிருந்து ஒரு சிவப்பு, வண்ணக் கண்ணாடி ஜன்னலிலிருந்து பச்சையும் மஞ்சளும். அப்புறம் யாராவது டியூப்லைட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். விளக்கெல்லாம் அணைத்து, மேசை மேல் வெள்ளைத் தாள் விரித்து, ஒரு கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) வைத்து வெள்ளைச் சமநிலையைக் கையால் செட் செய்து, ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். மின்விசிறியையும் அணையுங்கள், துணியின் நூல் ஆடும், தூசி வந்து உட்காரும். ஷட்டர் அரை விநாடி, ஒரு விநாடி போனாலும் டிரைபாடும் டைமரும் இருந்தால் கவலையில்லை, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. மச்சில் மரத்தளம் என்றால் யாரும் நடக்கக் கூடாது, கீழ்த்தளத்துத் தரையிலேயே வைத்து எடுப்பது நல்லது.

இனி ஒவ்வொரு பொருளாக. ஆத்தங்குடிக் கல் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் அதைக் கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதுதான். அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கண்ணாடி மேல் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்து கழன்று தண்ணீரில் ஊறி வரும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும், சூளையில் சுடுவதே கிடையாது. பிறகு வருடக்கணக்கில் பாதம் பட்டும் தேங்காய் எண்ணெய் பட்டும் இன்னும் மின்னும். அந்த மினுக்கம்தான் படத்தில் வெள்ளைத் திட்டாக விழுகிறது. நேர் மேலிருந்து எடுக்கும்போது லென்ஸில் மட்டும் போலரைசர் (மினுக்கத்தை வடிகட்டும் கண்ணாடி) போட்டால் பயனில்லை, போலரைசர் தனியாக வேலை செய்வது சுமார் 55 டிகிரி சாய்வில் வரும் பிரதிபலிப்புக்குத்தான். விளக்கை தரையோடு தரையாகத் தாழ்த்தி இரு பக்கமிருந்தும் வையுங்கள், பிரதிபலிப்பு எதிர்ப்பக்கம் போய்விடும், லென்ஸுக்கு வராது. அதுவும் போதவில்லையென்றால் விளக்கின் முன்னால் ஒரு போலரைசிங் ஃபிலிம், லென்ஸில் ஒரு போலரைசர், இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் மினுக்கம் முழுவதும் அணைந்து சாயத்தின் நிறம் மட்டும் ஆழமாகத் தெரியும். வெளிச்சம் மிகவும் குறைந்துபோகும், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்து ஊதுபந்தால் ஊதுங்கள், மேக்ரோவில் ஒரு தூசி ஒரு கல்லாகத் தெரியும்.

இதே குறுக்குப் போலரைசரை நகைக்குப் போடாதீர்கள். உலோகத்தில் நடக்கும் பிரதிபலிப்புதான் உலோகத்தின் உருவமே, அதை அணைத்தால் தங்கம் செத்துப்போய் மண்ணிறமாகக் கிடக்கும். நகைக்கு வேண்டியது எதிர்மாறானது: அது பிரதிபலிக்கும்படி சுற்றிலும் அழகான ஏதாவது ஒன்றை வைப்பது. பட்டர் பேப்பரில் ஒரு சின்னக் கூடாரம் கட்டி, லென்ஸுக்கு மட்டும் துளை விட்டு, வெளியிலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சுங்கள். முழுக்க வெள்ளையாகவே இருந்தால் விளிம்பு தெரியாமல் கரையும், அதனால் கூடாரத்துக்குள் ஓரிரு கறுப்புத் தாள் பட்டைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள், தங்கத்தின் வளைவுகளில் ஒரு கருங்கோடு ஓடி உருவம் எழும்பும். ஆச்சிமாரின் தாலியான கழுத்துருவின் ஒவ்வொரு உருவையும் தனித்தனியாக எடுக்க இது ஒன்றே வழி. வைரத்தோடு என்றால் மட்டும் கூடாரம் போதாது. அகல வெளிச்சத்தில் வைரம் வெறும் கண்ணாடிக் கல்லாகத் தெரியும், அது சுடர்விட ஒரு சின்னப் புள்ளி வெளிச்சம் வேண்டும். கூடாரத்தோடு சேர்த்து ஒரு சின்ன டார்ச்சை ஒரு துளை வழியாகக் கல்லின் மேல் விடுங்கள், நகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எந்த முகம் எரிகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். பொறுமையான வேலை, ஆச்சிமார் பக்கத்தில் உட்கார்ந்து "போதும்டா, உள்ள வச்சிரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் ரேகையை கம்ப்யூட்டரில் அழிப்பது நரகம்.

நிலைக்கதவு வீட்டை விட்டு வராது, நாம்தான் அதனிடம் போக வேண்டும். பர்மாத் தேக்கில் குடைந்த வேலைப்பாட்டுக்கு ஒரே ஒரு வெளிச்சம், ஒரே பக்கத்திலிருந்து, மரத்தைத் தடவிக்கொண்டு போகும் கோணத்தில் வர வேண்டும். காலையிலோ மாலையிலோ இயல்பாகவே அப்படி ஒரு வெளிச்சம் முகப்பில் விழுகிற நேரம் இருக்கும், ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிரைபாடில் கேமராவை நிறுத்தி ஒரு எல்இடி பேனலைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். ஆழம் இங்கே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், எஃப் 11ம் கால் அளவும் சேர்ந்தால்கூட 13 மி.மீ.தான் என்று பார்த்தோமே, எனவே ஃபோகஸ் ஸ்டாக்கிங் தேவைப்படும், அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

கண்டாங்கிக்கும் ஓலைக் கூடையான கொட்டானுக்கும் இதே தடவிப் போகும் வெளிச்சம்தான், பருத்தி இழையின் முறுக்கும் ஓலைப் பின்னலின் மேடும் அப்போதுதான் கண்ணுக்கு வரும். கண்டாங்கியை எடுக்கும்போது சில தூரங்களில் நெசவின் இழையும் சென்சாரின் கட்டமும் மோதி வானவில் அலைகள் தெரியும், பத்து சென்டிமீட்டர் முன்னே போங்கள் அல்லது பின்னே வாருங்கள், மறைந்துவிடும்.

ஸ்டாக்கிங் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் கேமராவை வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் மென்பொருளில் சேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே உள்ளவை, ஃபோட்டோஷாப்பிலும் முடியும். ஒவ்வொரு அடியும் கிடைக்கும் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. 1:1ல் எஃப் 5.6 என்றால் ஆழம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, அரை மில்லிமீட்டர் அடி வைத்தால் ஒரு சென்டிமீட்டர் உயர நகைக்கு இருபதுக்கு மேல் படங்கள் வரும். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை எல்லாம் மேனுவல், இடையில் மேகம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. புதிய கேமராக்களில் ஃபோகஸைத் தானே நகர்த்தி எடுக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங் உள்ளேயே இருக்கிறது, உங்களுடையதில் இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள்.

பூச்சிக்கு வேறு ஒழுங்கு. விடியலில் போங்கள். பூச்சியின் உடம்பு வெயில் ஏறினால்தான் சூடாகும், அதுவரை தட்டான் புல் நுனியில் அசையாமல் இருக்கும், மார்கழி தையில் என்றால் இறக்கையில் பனித்துளியும் இலவசம். ஊருணிக் கரை நல்ல இடம். ஃபோகஸ் வளையத்தை ஒரு அளவில் நிறுத்திவிட்டு, உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள், ஆட்டோ ஃபோகஸ் இங்கே முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். முடிந்தால் இடது கையால் குச்சியையும் லென்ஸின் முன்பகுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக ஆடினால் ஆட்டமே இல்லாத மாதிரி. லென்ஸ் ஹூடைக் கழற்றிவிடுங்கள். 100 மி.மீ. லென்ஸில் 1:1க்குப் போனால் லென்ஸின் முன்னால் ஒரு சாண் இடம்கூட இருக்காது, ஹூட் இருந்தால் அதன் நிழலே பூச்சி மேல் விழும். ஃப்ளாஷ் மட்டும் அடித்தால் பின்னணி கறுத்துப்போகும், பிடிக்கவில்லையென்றால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது பின்னால் ஒரு பச்சை இலையைக் கொண்டுபோய் வையுங்கள், அதிலும் வெளிச்சம் விழும்.

தாவும் சிலந்தி கிடைத்தால் விடாதீர்கள், ஓடாமல் திரும்பி லென்ஸையே பார்க்கும், முன்னிரு பெரிய கண்களும் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் மங்கினாலும் படம் படம்தான். மாமரத்து முசுறு எறும்பு கடிக்கும், சொல்லிவிட்டேன். மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் வரும் சிவப்புப் பட்டுப்பூச்சியை எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்து, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். மற்ற நிறங்கள் சரியாக இருக்கும்போதே சிவப்பு நிரம்பி வழிந்து, அந்த வெல்வெட் ரோமம் எல்லாம் ஒரே சாயப் பூச்சாகிவிடும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்து எடுக்கிறார்கள் சிலர், பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. பார்த்தாலே தெரியும், கால்கள் இயல்புக்கு மாறாக மடங்கியிருக்கும். அதைச் செய்வதற்குப் பதில் ஒரு கல்பாசித் துண்டையோ அன்னாசிப் பூவின் விதையையோ அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து எடுக்கலாம், அதுவும் அற்புதமான மேக்ரோ பொருள்தான், ஓடவும் ஓடாது.

பங்குக்காக எடுக்கும் படம் என்பதால் கடைசியாக ஒன்று: ஒவ்வொரு பொருளையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுங்கள். நெருக்கப் படத்தில் அளவு தெரியாது, பின்னால் இந்த உரு எந்த அட்டிகையுடையது என்று யாருக்கும் நிதானம் இருக்காது, அதனால் முழுப் பொருளின் சாதாரணப் படம் ஒன்றும் கூடவே வேண்டும். முதலில் பத்து ரூபாய் நோட்டுச் சோதனையைச் செய்துவிட்டுப் படத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி, ரா கோப்பாகவே டிரைவில் போட்டு இணைப்பு அனுப்பினால் போதும், வாட்ஸ்அப்பில் போட்டால் அது சுருக்கிவிடும், எது லென்ஸின் மங்கல் எது வாட்ஸ்அப்பின் மங்கல் என்று எனக்குத் தெரியாது.